அண்ணன் காத்திருந்த உலோகம்

1

குடிவரவு அலுவலகத்தில் என் எண் பலகையில் வந்ததும், கவுண்டரில் இருந்த பெண் உறுதிப்படுத்திக்கொள்வதற்காகப் பெயரையும் ஒருமுறை கூப்பிட்டாள். "பெரியாசாமி ஸமா." நான் எழுந்து போனேன்.

பெரியசாமி என் அப்பா. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். காலமாகிப் பல வருஷமாகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் அவர் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து ஜப்பானில் நான் பெரியசாமி. வங்கியிலும் பல் மருத்துவரிடமும் ஆய்வுக்கூடத்திலும் அதே பெயர்தான். மல்லிகா என்ற என் பெயர் வீட்டுக்குள் மட்டும்தான் புழங்குகிறது. 'ஸமா' என்பது பெரிய மரியாதைச் சொல். ஊரில் சந்தைக்காரர்கள் அப்பாவை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடல் தாண்டி, பனி பெய்யும் இந்தச் செண்டாய் நகரத்தில், டை கட்டியவர்கள் குனிந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் அவர் எங்கேயோ பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். பிறகு நான் எழுந்து போவேன்.

அன்று வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். பழைய அட்டையின் பின்புறத்தில் ஒரு முத்திரை குத்தித் தந்தார்கள். புது அட்டை வரும்வரை இதுவே செல்லும், இடையில் ஊருக்குப் போவதானால் போகலாம், ஆனால் கெடுவுக்குள் திரும்பிவந்து புது அட்டையை வாங்காவிட்டால் எல்லாம் ரத்து என்று அந்தப் பெண் மென்மையாகச் சொன்னாள். இந்த நாட்டில் எவ்வளவு கடுமையான விஷயத்தையும் மென்மையாகத்தான் சொல்வார்கள்.

வெளியே வரும்போது போன் அடித்தது. சேலத்திலிருந்து அண்ணி. வழக்கமாக அண்ணன் பேசிவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பார். அண்ணி தானாகக் கூப்பிட்டதே இல்லை.

"அம்மிணி, வேலையா இருக்கறீங்களா? அவரு முன்னால கடையில இருக்கறாரு. நான் பொறவாசல்ல நின்னு பேசறேனுங்க."

"சொல்லுங்க அண்ணி."

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகோணும்னு டாக்டரு சொல்லி ரெண்டு வருசம் ஆச்சுங்க. ஒத்துக்க மாட்டேங்கறாரு. படுத்தா வலி, எந்திரிச்சா வலி. ஏனுங்க இப்பிடிப் பண்றீங்கன்னு கேட்டா, என்ற தங்கச்சி செய்யற இரும்பு வரட்டும், அதயே வச்சுக்கறேன்ங்கறாரு. டாக்டருகிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அது எப்ப வருமுங்க அம்மிணி?"

2

என் அண்ணன் பெயர் செல்வராசு. எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். கொடிக்கால் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சேர்ந்து, ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போய்விட்டார். ஊருக்கு வரும்போது இந்தி பேசுவார். எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வருவார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, மத்தியப் பிரதேசத்தில் ஒரு வயலில், மேலேயிருந்து இறங்கிய குழாய் நழுவி அவர் இடது தொடையில் விழுந்தது. அங்கேயே ஏதோ ஒரு ஊரில் ஆபரேஷன் செய்து, எலும்போடு ஒரு ஸ்டீல் தகட்டை வைத்து முடுக்கி அனுப்பினார்கள். எலும்பு கூடியது. நடந்தார். மறுபடி ரிக்குக்கே போனார். சில வருஷம் கழித்துத் தகட்டின் திருகாணிகள் உறுத்த ஆரம்பித்ததும் சேலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அதற்கப்புறம் ஒருநாள் காலையில் வாசலில் பைக்கை உதைத்தார். நான் கல்லூரிக்குப் பேருந்து பிடிக்கச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. பைக்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் கீழே உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலிகூட இல்லை. திகைப்புதான் இருந்தது.

சேலத்து மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தகடு இருந்த இடத்துக்குக் கீழே எலும்பு மெலிந்து, மற்ற இடத்தில் இருக்கும் வெள்ளை இல்லாமல், சாம்பலாகத் தெரிந்தது.

"தகடு ரொம்பக் கெட்டி," என்றார். "ஒடம்புப் பாரத்த அதே தாங்கிக்கிச்சு. எலும்புக்கு வேலையில்லாமப் போச்சு. வேலையில்லாத எலும்ப ஒடம்பு வெச்சுக்காது, கரைச்சிரும்."

"தகடு கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா எலும்புக்கும் வேலை இருந்திருக்குமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். ஆனா அப்பிடி வளையற இரும்பு சீக்கிரம் ஒடிஞ்சு போகுமே."

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "வளையவும் வளையோணும், ஒடியவும் கூடாது. அப்பிடி ஒண்ணு ஆராச்சும் செஞ்சா என்ன?"

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் அப்போது பொறியியல் முதல் வருஷம். எந்தப் பாடத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் இருந்தேன். அதற்கப்புறம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது முறை கூடிய கால் மற்ற காலைவிடக் குட்டையாகிவிட்டது. சாய்ந்து சாய்ந்து நடந்ததில் அந்தப் பக்க இடுப்பும் தேயத் தொடங்கியது. ரிக் வேலை முடிந்தது. கல்யாணம் செய்துகொண்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்கி, மோட்டாரும் குழாயும் விற்க உட்கார்ந்தார். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடம் அது. வண்டிகள் கியர் மாற்றும் சத்தம் கடைக்குள் நாள் முழுவதும் கேட்கும். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கடைதான்.

3

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஸ்டீலைவிட டைட்டானியம் பாதிதான் விறைப்பு. அதோடு நியோபியம், டான்டலம், சிர்கோனியம் என்று சிலவற்றைச் சரியான அளவில் சேர்த்து உருக்கினால் அந்த விறைப்பிலும் பாதி குறையும். எலும்பின் பக்கத்தில் நெருங்கும். உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் விறைப்பைக் குறைத்தால் வலுவும் குறைந்துபோகிறது. வலுவை ஏற்ற அடித்து, நீட்டி, சூடாக்கிக் குளிரவைத்தால் விறைப்பும் கூடவே ஏறிவிடுகிறது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன்.

வந்த புதிதில் ஜப்பானிய மொழி அரைகுறை. ஒரு திட்டம் முடிந்த நாளில் என் மேலாளர் சாதோ-சான் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த மட்டில், 'எலும்பை முறித்துக்கொண்டதற்கு மிக்க நன்றி' என்றார். யாருக்கு முறிந்தது என்று சுற்றியிருந்தவர்களின் கைகால்களைப் பார்த்தேன். சிரமப்பட்டு உழைப்பதை அவர்கள் எலும்பு முறிவது என்றுதான் சொல்வார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அண்ணனிடம் போனில் சொன்னேன். "அப்ப எனக்கு ரெண்டுவாட்டி நன்றி சொல்லச் சொல்லு," என்றார்.

மரியாதை விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த மொழி எளிதாக வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் வைத்துப் பேசுவது நமக்குப் புதிதா? கூட்டங்களில் சில சமயம் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். சாதோ-சான் தலையசைப்பார். இன்றுவரை அவருக்கு வித்தியாசம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த 'ங்க'வைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. இங்கே கூட இருக்கும் கணவர் மதுரைப் பக்கத்துக்காரர், அவர் பேச்சில் அந்த வால் கிடையாது. மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். சின்ன வயதில் இரண்டும் கலந்து பேசினாள். பிறகு பள்ளி, தோழிகள், கைப்பந்துக் குழு. ஒருநாள் பள்ளி வாசலில் நான் "இனியா, வா சாமி" என்று ஊர் வழக்கில் செல்லமாகக் கூப்பிட்டதற்கு, வீட்டுக்கு வந்ததும், வெளியில் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மிகப் பணிவாகக் கேட்டாள். அந்தப் பணிவுதான் எனக்கு வலித்தது.

4

அண்ணி பேசிய அதே வாரத்தில் எங்கள் புதுக் கலவையின் சோதனைக் கம்பி முறிந்தது. இயந்திரம் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் வளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க நடக்கிற நடையெல்லாம் அதில் வந்துவிட வேண்டும். இந்தக் கலவையின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. காலையில் போனபோது இயந்திரம் நின்றிருந்தது. கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது. எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே. முறிந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல் விசிறிபோலப் பரவியிருந்தது.

சாதோ-சான், "மறுபடி உருக்குவோம்," என்றார். 

அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இடுப்பு எப்பிடி இருக்குது?"

"உனக்கு ஆரு சொன்னா?"

"ஆரோ சொன்னாங்க. ஏன் ஆபரேசன் பண்ணிக்கல?"

"பண்ணிக்கலாம். என்ன அவசரம்? உன்றது வரட்டும்."

"அது எப்ப வரும்னு எனக்கே தெரியாதுங்கண்ணா. வராமப் போனாலும் போகும்."

பின்னால் ஒரு லாரி மேட்டில் ஏறத் திணறிக்கொண்டிருந்தது. 

"முசலுக்கு வெச்சுப் பாத்தோம், நல்லாருக்குதுன்னு சொன்னியே."

"முசலுக்கு வெச்சது பழசு. இனி புதுசா முசல், ஆடு எல்லாம் பாக்கோணும். அப்பறந்தான் மனுசங்க. அதுவும் வருசக்கணக்குல பாத்துத்தான் விடுவாங்க."

"எனக்கு வெச்சுப் பாரு. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அப்பிடியெல்லாம் முடியாதுங்கண்ணா."

"முடியாதா," என்றார். அது கேள்வியாக இல்லை. பிறகு, "சரி. நீ வந்தீன்னா பண்ணிக்கறேன்," என்றார்.

இனியாவுக்குக் கோடை விடுமுறை. ஆனால் விடுமுறையிலும் கைப்பந்துப் பயிற்சி உண்டு. ஊருக்கு என்றதும் முகம் மாறியது. "நான் அப்பாவோட இருக்கேனே," என்றாள். இந்தத் தடவை தமிழில் சொன்னாள். எதையாவது கெஞ்சிக் கேட்கும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் வரும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டையின் கெடுவை இரண்டு தடவை விசாரித்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

5

வாசலில் அண்ணன் எங்களை நோக்கி நடந்து வந்தார். போனில் எப்போதும் முகத்தை மட்டும்தான் காட்டுவார். முகம் அப்படியேதான் இருந்தது. உடம்புதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தது. "வாங்க சாமி," என்று இனியாவின் தலையில் கை வைத்தார். அவள் ஜப்பானியப் பழக்கத்தில் குனிந்து வணங்கினாள். எதையோ தேடுகிறாள் என்று நினைத்து அவரும் குனிந்து தரையைப் பார்த்தார்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை மருத்துவருக்கு என் வேலை பற்றி அண்ணன் ஏற்கனவே சொல்லியிருந்தார். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த மருத்துவர், பொருத்தப்போகும் மூட்டின் மாதிரி ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். தொடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் தண்டு. எலும்பு வந்து பற்றிக்கொள்ள மேற்பாதி சொரசொரப்பாக இருந்தது. கீழ்ப்பாதி வழுவழுப்பு. உலகம் முழுக்க எத்தனையோ பேர் உடம்பில் பல வருஷமாக இருக்கும் வகை. என் கலவை அல்ல. நான் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதி எழுதிக் குறை சொன்ன பழைய கலவை. கையில் வைத்துப் பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை. நேர்த்தியாக இருந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லதா?"

"நல்லதுங்கண்ணா."

"எனக்கு ஆகுமா?"

"நல்லா ஆகும். உங்க வயசுக்கு, உங்க எடைக்கு இதே போதும். கவலப்படாமப் பண்ணிக்கலாம்."

அதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மோட்டார் ஷாஃப்டைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நீ எதுக்கு அங்க இருக்கற?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பல மாநாடுகளில், பல மேடைகளில், இந்த ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். படம் போட்டு, கோடு வரைந்து சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேட்டியோடு உட்கார்ந்திருந்த என் அண்ணன் முன்னால் அந்தத் தண்டைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அண்ணி டம்ளரில் காப்பியை ஆற்றி அவரிடம் நீட்டினார். 

ஆபரேஷன் நன்றாக முடிந்தது.

6

மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, சட்டம் போன்ற நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடைப் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். அண்ணன் எதிலும் வேகம். ரிக்கில் பழகிய வேகம். பயிற்சி தருபவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு எட்டு அதிகமாக எடுத்து வைப்பார். என் பேச்சைக் கேட்கவில்லை.

இனியா ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் கைப்பந்தில் கணுக்கால் பிசகி அவளும் இப்படிப் பயிற்சி எடுத்தவள். அண்ணன் தடுமாறியதைப் பார்த்ததும் ஓடிவந்து முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டி, "யுக்குரி, மாமா, யுக்குரி," என்றாள்.

அண்ணன் சட்டென்று நின்றார். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

இனியா என்னைப் பார்த்தாள். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. "ஏன் உக்காந்துட்டார்?"

"நீதான சாமி உக்காருன்னு சொன்ன," என்றார் அண்ணன்.

யுக்குரி என்றால் ஜப்பானிய மொழியில் மெதுவாக என்று பொருள். நான் சொன்னதும் அண்ணன் தையல் பிடிக்கப் பிடிக்கச் சிரித்தார். இனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, "மாமா, மெதுவா. நட. நான் இருக்கேன்," என்றாள். நட என்பதற்குப் பதில் நடங்க என்று சொல்ல வேண்டும் என்று திருத்த வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பயிற்சிக்குக் கூட்டிப்போவது அவள் வேலையாயிற்று. "யுக்குரி வந்தாத்தான் நடப்பேன்," என்று அண்ணன் நர்ஸிடம் சொல்வார். நர்ஸ் அதை அவள் பெயர் என்றே நினைத்துவிட்டாள்.

அந்தக் கூடத்தில்தான் இளம்பிள்ளை என்ற ஊரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வருவார்கள். சேலை நெய்து விற்கும் குடும்பம். மகள் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும்போது விழுந்து கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்து, தகடு வைத்திருந்தார்கள். ஒல்லியான பெண். இனியாவின் முடியை வெட்டியிருந்த விதம் பிடித்துப்போய் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பாள். நான் இந்த வேலையில் இருப்பவள் என்று யார் சொன்னார்களோ, அந்த அம்மா ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இந்தத் தகட அப்பறம் எடுத்துப் போடோணும்ங்கறாங்க. எடுத்தா மறுக்கா ஒடிஞ்சு போகுமுங்களா? பக்கத்து ஊட்ல அப்பிடி ஆச்சுன்னு சொல்றாங்க. இன்னும் கண்ணாலம் காட்சி பண்ணோணும், புள்ள ரொம்பப் பயப்படறாளுங்க."

அன்று காலை வாசலில் குச்சி ஒடிந்ததுபோல வந்த சத்தம் எனக்குக் காதில் கேட்டது. பதில் சொல்வதற்குள் அண்ணன் பேசினார்.

"ஒடியாதுங்க. இப்பெல்லாம் நல்லாப் பாத்துத்தான் எடுக்கறாங்க. எடுத்த பொறவு கொஞ்ச நாளைக்குப் புள்ளைய ஓடாம, தாவாமப் பாத்துக்கங்க, போதும்."

தனக்கு நடந்ததை அவர் சொல்லவில்லை. அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் அந்தப் பெண் கம்பியைப் பிடித்து நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைக்கு ஆகுமா, நீ செய்யறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இவளுக்கு ஆகாதுங்கண்ணா. அதுக்குள்ள வராது. இவளுக்குப் பொறக்கற புள்ளைக்கு ஆகலாம்."

அந்தப் பெண் கம்பியின் கடைசிவரை போய்த் திரும்புவதைப் பார்த்தார். 

"அப்பச் சரி," என்றார். "நீ அங்கயே இரு."

நான் கேட்காத அனுமதி அது.  இத்தனை வருஷத்தில் எப்போது ஊருக்கு வந்துவிடுவாய் என்று அண்ணன் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அப்பா கேட்டிருக்கிறார், அண்ணி கேட்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் உலோகம் எப்போது வரும் என்று மட்டும்தான் கேட்பார். தொழிலில் ஆர்வம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் வந்துவிடுவேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். வலியோடு அவர் உட்கார்ந்திருந்தது ஒரு மூட்டுக்காக அல்ல. அந்தக் கூடத்தில், ஆட்கள் நடக்கிற சத்தத்துக்கு நடுவே, எனக்கு அது புரிந்தது. அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

"லீவு விட்டா வாரேனுங்கண்ணா," என்றேன்.

"வா. யுக்குரியக் கூட்டிக்கிட்டு வா."

7

கெடு முடிவதற்கு முன்னால் திரும்பினோம். புது அட்டையை வாங்கினேன். இன்னும் சில வருஷங்களுக்கு இங்கே இருக்கலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. இனியா கைப்பந்துக்குப் போகிறாள். ஜப்பானிய மொழியில்தான் பேசுகிறாள். ஆனால் இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டில், மாமா இன்று எவ்வளவு தூரம் நடந்தார் என்று அவளாகவே கேட்கிறாள். அதைத் தமிழில் கேட்கிறாள். அதற்குமேல் ஆசைப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் இங்கே பிறந்தவள்.

நாங்கள் மறுபடி உருக்கினோம். நியோபியத்தைக் கொஞ்சம் குறைத்தோம். உருட்டி நீட்டும் முறையை மாற்றினோம். இலை பழுத்து உதிர்ந்து, மலைகளில் முதல் பனி விழுந்த பிறகு ஒருநாள் மதியம், புதுக் கம்பி குறித்திருந்த வளைவு எண்ணிக்கையைத் தொட்டு, முறியாமல் நின்றது. இயந்திரம்தான் நின்றது, கம்பி முறியவில்லை. சாதோ-சான் கம்பியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். இன்னும் எத்தனையோ கம்பிகள் இதுபோல நிற்க வேண்டும். அப்புறம் முயல், ஆடு, மனிதர்கள். இருந்தாலும் இது நின்றது.

ஊரில் அப்போது முற்பகல். கடை திறந்திருக்கும் நேரம். போனை எடுத்தேன். வெகுநேரம் அடித்து, அண்ணிதான் எடுத்தார்.

"அண்ணன் இல்லீங்களா?"

"இல்லீங்களே அம்மிணி. கடையப் பாத்துக்கன்னு சொல்லீட்டு வெளிய போனாரு."

"எங்க போயிருக்காருங்க?"

"தெரியலீங்க. இப்பெல்லாம் இப்பிடித்தான் போயிர்றாரு. நேத்து அடிவாரத்து டீக்கடையில இருந்தாராம். முந்தாநேத்து கோரிமேட்டுல ஆரோ பாத்தாங்களாம். போனையும் எடுத்துக்கிட்டுப் போறதில்லீங்க." அண்ணியின் குரலில் குறை இருந்தது. அதற்கு அடியில் சிரிப்பும் இருந்தது. "ஏதாச்சும் அவசரமுங்களா?"

"அவசரமில்லைங்க அண்ணி."

"வந்தாச் சொல்றேனுங்க."

போனை வைத்துவிட்டேன். எத்தனை வருஷமாக எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணன். கையில் கம்பி இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பனி விழத் தொடங்கிய தெருவில், அவரவர் வேலையாக ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல், என் அண்ணனும் எங்கோ ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தார்.